மொதல்ல எந்தப் பொட்டி: டாக்கரா, பாட்மேனா, குபெர்நெட்டிஸா?

பொட்டி தட்டுற வேலையைப் பத்தி இங்க எழுதி ரொம்ப நாளாச்சு. கவிதைக்காகவும் சினிமா விமர்சனத்துக்காகவும் வர்ற மக்கள்ஸ் இந்த ஒரு பதிவுக்கு மட்டும் பொறுத்துக்குங்க. ஆனா உங்க வீட்டுல இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சி யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. 60 ஆயிரம் ரூபா மிச்சமானாலும் ஆகலாம்.

விஷயம் இதுதான். என் சித்தி பொண்ணு சிவகாசிப் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். சித்தி பயராபீஸ்ல வேலை பாக்குறாங்க. (வெளியூர் மக்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கம் பேச்சுல பட்டாசு ஆலைன்னு சொல்றது கம்மி. பயராபீஸ், தீப்பெட்டியாபீஸ், அச்சாபீஸ், இப்படித்தான். ஓ.எம்.ஆர்ல நான் போறதும் ஆபீஸ்தான். என்ன, எனக்கு ஏசி உண்டு.) போன மாசம் தங்கச்சிகிட்ட இருந்து ஒரு மெசேஜ். "அண்ணே, இப்ப கன்டெய்னர் தெரிஞ்சாத்தான் வேலையாம். ஒரு சென்டர்ல நேரா குபெர்நெட்டிஸ் சொல்லித் தர்றாங்களாம். ஆறு மாசம், 60 ஆயிரம். அம்மா செயினை வச்சுத் தர்றேங்கிறா. சேரவா?"

சேராதேன்னு ஒத்தை வார்த்தையில சொல்லிரலாம். ஆனா "அப்ப வேற என்னதான் படிக்கிறது?"ங்கிற கேள்வி அடுத்த நிமிஷமே வரும். அதுக்குப் பதில் இல்லாம சேராதேன்னு சொல்றது அநியாயம். அதனால உட்கார்ந்து யோசிச்சு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல கன்டெய்னர்னா என்ன? இதைப் பாடப்புத்தக பாஷையில சொல்லிப் பாத்தேன், எடுபடலை. பயராபீஸை வச்சுச் சொன்னதும் பிடிச்சுக்கிட்டா.

பயராபீஸ்ல எல்லா வேலையும் ஒரே பெரிய ஹால்ல நடக்காது. சின்னச் சின்ன ரூமா, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி விட்டுக் கட்டியிருப்பாங்க. மருந்து வேலை நடக்கிற ரூம்ல 4 பேருக்கு மேல இருக்கக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல மருந்து வைக்கக் கூடாதுன்னு கணக்கு உண்டு. காரணம் எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ரூம்ல ஏதாவது ஆனா அது அந்த ரூமோட நிக்கணும். செய்தியில ஒவ்வொரு தடவை விபத்துன்னு வரும்போதும், கூடவே அளவுக்கு மேல ஆள், அளவுக்கு மேல மருந்துன்னும் வருதே, கவனிச்சிருப்பீங்க. சுவர் இருந்தா மட்டும் பத்தாது, அளவும் இருக்கணும்.

லினக்ஸ்ல கன்டெய்னருங்கிறது இதே ரெண்டு சமாச்சாரம்தான். ஒண்ணு சுவர். அதுக்குப் பேரு நேம்ஸ்பேஸ். ஒரு ரூமுக்குள்ள ஓடுற புரோகிராமுக்கு பக்கத்து ரூம்ல என்ன ஓடுதுன்னு தெரியாது, தான் மட்டும்தான் இந்த மெஷின்ல இருக்கோம்னு நினைச்சுக்கும். இன்னொண்ணு அளவு. அதுக்குப் பேரு சிகுரூப். இந்த ரூமுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியுன்னு வரம்பு கட்டுறது. கூகுள் ஆளுங்க 2006ல ஆரம்பிச்ச வேலை அது, 2008 ஜனவரியில லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்துச்சு.

அப்ப வர்ச்சுவல் மெஷின்? அது தனி ரூம் இல்லை, தனி பயராபீஸ். தனி காம்பவுண்டு, தனி கேட்டு, தனி கிணறு. பாதுகாப்பு அதிகம், செலவும் அதிகம். கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள, ஒரே தரையில நிக்கிற ரூம்கள். அந்தத் தரைதான் கெர்னல். தரையில விரிசல் விட்டா எல்லா ரூமுக்கும் ஆபத்துங்கிறதையும் சேர்த்தே சொல்லிட்டேன். நல்லது மட்டும் சொல்லி விக்கிறதுக்கு நான் என்ன கோர்ஸா நடத்துறேன் :-)

அடுத்து பேருங்க. ஆரம்பத்துல படிக்கிறவங்களை மிரட்டுறதே இந்தப் பேருங்கதான். வரிசையா வச்சுப் பாத்தா அவ்வளவு பயமில்லை.

யூனிக்ஸ்ல 1979லயே சி-ரூட்னு ஒண்ணு வந்தாச்சு. ஒரு புரோகிராமுக்கு "உனக்கு இந்த போல்டர்தான் உலகம்"னு சொல்றது. 2000ல ஃப்ரீ-பிஎஸ்டில ஜெயில்னே பேரு வச்சு இன்னும் இறுக்கமா ஒண்ணு வந்துச்சு. 2008ல லினக்ஸ்ல எல்.எக்ஸ்.சி. இதுவரைக்கும் இதெல்லாம் சர்வர் பாத்துக்கிற அண்ணன்மாருக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை.

2013 மார்ச்சுல அமெரிக்காவுல நடந்த பைகான் மாநாட்டுல சாலமன் ஹைக்ஸ்ங்கிறவரு அஞ்சு நிமிஷப் பேச்சுல டாக்கரைக் காட்டினார். உள்ள இருந்த வித்தை பழசு. டாக்கர் புதுசா கொண்டுவந்தது பேக்கிங். ஒரு புரோகிராமையும் அதுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானையும் ஒரே பொட்டியில அடைச்சு (அதான் இமேஜ்), எங்க வேணும்னாலும் அனுப்பி, அங்கன பிரிச்சு ஓட்டலாம்னு ஆக்கினாங்க. "என் மெஷின்ல ஓடுதே, உன் மெஷின்ல ஏன் ஓடலை"ங்கிற சண்டை பாதி குறைஞ்சுச்சு.

டாக்கர் சின்னத்துல ஒரு திமிங்கலம் முதுகுல பொட்டி பொட்டியா சுமந்துக்கிட்டுப் போகும், பாத்திருப்பீங்க. அது கப்பல் கன்டெய்னர். அருப்புக்கோட்டை பைபாஸ்ல கொஞ்ச நேரம் நின்னா தூத்துக்குடி துறைமுகம் போற கன்டெய்னர் லாரிங்களைப் பாக்கலாம். 1956 ஏப்ரல் 26ல மால்கம் மெக்லீன்ங்கிற லாரிக் கம்பெனிக்காரர் ஐடியல் எக்ஸ்ங்கிற கப்பல்ல 58 பொட்டியை ஏத்தி நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினதுல ஆரம்பிச்ச கதை அது. ஆனா அந்தப் பொட்டிக்கு உலகம் பூரா ஒரே அளவு, மூலையில ஒரே மாதிரி கொக்கின்னு முடிவான பிறகுதான் அது உலகத்தையே மாத்துச்சு. எந்தக் கப்பல், எந்தக் கிரேன், எந்த லாரிங்கிற கவலை அப்புறம் யாருக்கும் இல்லை.

மென்பொருள்லயும் அதே கதைதான் நடந்துச்சு. 2015 ஜூன்ல ஓ.சி.ஐ-ன்னு ஒரு அமைப்பு தொடங்கி, பொட்டி எப்படி இருக்கணும், எப்படிப் பிரிச்சு ஓட்டணும்னு பொது விதி எழுத ஆரம்பிச்சாங்க. டாக்கர்ல கட்டின பொட்டியை பாட்மேன்ல ஓட்டலாம், குபெர்நெட்டிஸ்ல ஏத்தலாம். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா, "தப்பான கருவியைப் படிச்சு ஆறு மாசம் வீணாப் போயிருமோ"ங்கிற பயம் முக்கால்வாசி போயிரும்.

சாட்சி வேணுமா? குபெர்நெட்டிஸ் தனக்குள்ள டாக்கருக்குன்னு வச்சிருந்த இணைப்பை 2022 மே மாசம் 1.24 பதிப்புல எடுத்துருச்சு. அது 2020 டிசம்பர்ல முதல்ல அறிவிப்பா வந்தப்பவே "டாக்கர் செத்துருச்சு"ன்னு ஊர் பூரா ஒப்பாரி. ஆனா டாக்கர்ல கட்டின இமேஜ் எல்லாம் பாட்டுக்கு ஓடுச்சு, இப்பவும் ஓடுது. பொட்டி பொதுவானது, தூக்குற கிரேனை மட்டும் மாத்தினாங்க.

சரி, இப்ப ஒவ்வொருத்தரா பாப்போம்.

எல்.எக்ஸ்.சி: நல்ல ஆளு, பழைய ஆளு. ஒரு கன்டெய்னரை முழு லினக்ஸ் மெஷின் மாதிரி வச்சுக்கணும்னா இதுதான் தோது. ஆனா முதல் படியில நிக்கிற பிள்ளைக்கு வேண்டாம். வேலைக்கு எடுக்கிற இடத்துலயும் இதைக் கேக்குறது குறைவு.

டாக்கர்: இதைப் பத்தின பாடம், கேள்வி பதில், உதாரணம் எல்லாம் கொட்டிக் கிடக்கு. ராத்திரி 11 மணிக்கு ஒரு பிழைச் செய்தி வந்தா, அதே பிழையில ஏற்கனவே முட்டி மோதினவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. தனியா படிக்கிற பிள்ளைக்கு இதை விடப் பெரிய துணை கிடையாது. குறை? பின்னணியில டீமன்னு ஒருத்தர் ரூட் அதிகாரத்தோட எப்பவும் ஓடிக்கிட்டே இருப்பார். எல்லா ரூம் சாவியும் ஒரே போர்மேன் இடுப்புல தொங்குற மாதிரி. டாக்கர் குரூப்புல ஒருத்தரைச் சேத்தா அவருக்கு மெஷினோட முழு அதிகாரத்தையும் கொடுத்ததா அர்த்தம். ரூட் இல்லாம ஓட்டுற வழி டாக்கர்லயும் 2020ல இருந்து முறைப்படி இருக்கு, ஆனா அதை நாமளா தேடிப் போய் அமைக்கணும்.

இன்னொரு குழப்பம். டாக்கர் டெஸ்க்டாப் வேற, டாக்கர் இன்ஜின் வேற. டெஸ்க்டாப்புக்கு 2021 ஆகஸ்டுல புது விதி போட்டாங்க. 250 பேருக்கு மேல ஆள் இருந்தாலோ, வருஷ வருமானம் 1 கோடி டாலருக்கு மேல இருந்தாலோ கம்பெனி காசு கட்டணும். படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசம். லினக்ஸ்ல போடுற இன்ஜின் திறந்த மூலம், எல்லாருக்கும் இலவசம்.

பாட்மேன்: ரெட்ஹேட் ஆளுங்க செஞ்சது. 2019ல வந்த ரெட்ஹேட் லினக்ஸ் 8ல டாக்கரை எடுத்துட்டு இதைத்தான் வச்சாங்க. டீமன் கிடையாது, சாதாரணப் பயனரா இருந்தே ஓட்டலாம். கட்டளைங்க அநேகமா அப்படியே டாக்கர் மாதிரிதான். டாக்கர்ங்கிற இடத்துல பாட்மேன்னு போட்டா முக்கால்வாசி வேலை நடக்கும். மனசுக்குப் பிடிச்ச கருவி எதுன்னு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்வேன். ஆனா ஒரு சிக்கல் வந்தா உதவி தேடுறது டாக்கர் அளவுக்குச் சுலபம் இல்லை. அதனால ரெண்டாவது.

குபெர்நெட்டிஸ்: கிரேக்க பாஷையில சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தமாம். கூகுள் 2014 ஜூன்ல வெளியிட்டு, 2015 ஜூலையில 1.0 வந்துச்சு. பல மெஷின்ல பல நூறு கன்டெய்னர் ஓடும்போது, எதை எங்க வைக்கிறது, ஒண்ணு விழுந்தா எப்படி எழுப்புறதுன்னு பாத்துக்கிற மேஸ்திரி. அருமையான சாமான்தான், மறுக்கலை. ஆனா ஒரே ஒரு ரூம்கூட கட்டிப் பாக்காத ஆளுக்கு, நூறு ரூமை மேய்க்கிற மேஸ்திரி வேலையை எப்படிச் சொல்லித் தருவீங்க? ஒப்பிச்சுத்தான் தருவீங்க. அப்புறம் ஒரு பாட் எழும்பலைன்னா தப்பு இமேஜ்லயா, நெட்வொர்க்லயா, மெமரியிலயான்னு அந்தப் பிள்ளைக்குப் பிடிபடவே படாது.

தங்கச்சி லேப்டாப் நான் காலேஜ்ல வச்சிருந்த பழசு. 4 ஜிபி ராம். ஒரே மெஷின்ல குபெர்நெட்டிஸ் பழக உதவுற மினிகியூபே 2 ஜிபி மெமரி காலியா வேணும், 2 சிபியு வேணும், 20 ஜிபி இடம் வேணும்னு கேக்குது. மேல பிரவுசரைத் திறந்தா பொட்டி மூச்சு வாங்கும். ஆக 60 ஆயிரத்தோட கணக்கு முடியாது, புது லேப்டாப்பும் வாங்கணும். இதை அந்த சென்டர்ல யாரும் சொல்லவே இல்லை.

அதனால என் தீர்ப்பு: முதல்ல டாக்கர், அதுவும் லினக்ஸ்ல. அதே மாசத்துல பாட்மேன். குபெர்நெட்டிஸ் அப்புறம், தேவை வரும்போது.

"வேலை விளம்பரத்துல எல்லாம் குபெர்நெட்டிஸ்னுதானே போட்டிருக்கு?"ன்னு தங்கச்சி மடக்கினா. நியாயமான கேள்வி. பேரு கேக்குறாங்கங்கிறது உண்மை. ஆனா புதுசா சேர்ற பிள்ளையை நேர்காணல்ல உட்கார வச்சா நான் கேக்குறது, "நீ எழுதின டாக்கர்ஃபைல் ஒண்ணைக் காட்டு, ஒவ்வொரு வரியும் ஏன்னு சொல்லு"ங்கிறதுதான். அதுல தேறின பிள்ளைக்கு மேல உள்ளதை வேலையில சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுத்துக்கலாம். அதுல தேறாத பிள்ளைகிட்ட சான்றிதழ் இருந்து என்ன பண்ண?

ஊர்க் கதையே இதுக்கு ஆதாரம். 1920களோட தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்தது தீப்பெட்டி. பட்டாசு அதுக்கப்புறம். தீப்பெட்டி போட்டதால மருந்தைக் கையாளத் தெரிஞ்சது, அதுல இருந்து மத்தாப்பு, அதுல இருந்து வெடி. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டணும்கிறதால அச்சாபீஸ். இன்னைக்கு சிவகாசிக்கு இருக்கிற மூணு தொழிலும் அந்த முதல் தீக்குச்சியைப் பிடிச்சுக்கிட்டு வந்ததுதான். சின்னதா, கைக்கு அடக்கமா, கையில இருக்கிற காசுல முடியுறதா ஒண்ணை முதல்ல எடுத்தாங்க. அடுத்தது தன்னால வந்துச்சு.

அவளுக்குப் போட்டுக் கொடுத்த 4 வார அட்டவணையை உங்களுக்கும் தர்றேன். தினம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

முதல் வாரம்: லேப்டாப்ல இருந்த விண்டோஸை எடுத்துட்டு லுபுண்டு, அதுல டாக்கர் இன்ஜின். ஆல்பைன் இமேஜை இறக்கி (10 எம்பிகூட வராது, போன் நெட்டே போதும்) உள்ள போய், என்னென்ன ஓடுதுன்னு பாக்குறது, வெளிய வர்றது, அழிக்கிறது. இமேஜ் வேற கன்டெய்னர் வேறங்கிறது பிடிபடுற வரைக்கும் இதேதான். இமேஜ் அச்சு, கன்டெய்னர் அதுல வார்த்தது.

ரெண்டாவது வாரம்: சொந்தமா ஒரு டாக்கர்ஃபைல். ஊரான் புரோகிராம் கூடாது, தான் எழுதினதுதான். சித்தி பொட்டி கட்டுற கூலியை ஒரு நோட்டுல எழுதி வைப்பாங்க, பீஸ் ரேட்டு. அதைக் கணக்குப் போடுற மாதிரி பைதான்ல ஒரு குட்டி வெப் பக்கம் எழுதினா. முதல்ல முழு பைதான் இமேஜ்ல கட்டினா, 1 ஜிபி பக்கம் வந்து நின்னுச்சு. ஸ்லிம் இமேஜுக்கு மாத்தினதும் 150 எம்பியை ஒட்டி இறங்கிருச்சு. ஏன்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவளே சொன்னா.

மூணாவது வாரம்: வால்யூம், போர்ட், மெமரி வரம்பு, கம்போஸ். இங்கதான் ஒரு சம்பவம். கணக்கு எல்லாத்தையும் கன்டெய்னர் உள்ளயே சேமிச்சிருக்கா. புதுசா இமேஜ் கட்டி பழசை அழிச்சதும் சித்தியோட ஒரு வாரக் கூலிக் கணக்கு காணோம். நல்லவேளை நோட்டு இருந்துச்சு. "அண்ணே, ரூமை இடிச்சா உள்ள இருக்கிற சரக்கும் போகுமே, குடோன் தனியா வேணும்ல"ன்னு போன்ல சொன்னா. வால்யூம்னா என்னன்னு நான் விளக்கவே இல்லை, பாத்துக்குங்க.

மெமரி வரம்பையும் ஒரு வார்த்தை. நாமளா சொல்லலைன்னா டாக்கர் எந்த வரம்பும் போடாது. ஒரு கன்டெய்னர் மொத்த மெஷினையும் தின்னுட்டு, கடைசியில கெர்னல் எதையாவது கொன்னு இடம் பிடிக்க வேண்டி வரும். ரூமுக்கு அளவு வேணும்னு பயராபீஸ்காரங்க வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாலாவது வாரம்: அதே பொட்டியை அப்படியே பாட்மேன்ல ஓட்டுறது. அவ அன்னைக்கு கேட்டது, "அவ்வளவுதானாண்ணே?" அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதானா"வுக்காகத்தான் இந்த வாரமே. கருவி மாறினாலும் கத்துக்கிட்டது கூடவே வருதுன்னு தானே பாத்துட்டா, நாளைக்கு எந்தப் புதுப் பேரு வந்தாலும் மிரள வேண்டியதில்லை.

கோர்ஸே வேண்டாம்னு நான் சொல்லலை. பக்கத்துல ஒருத்தர் இருந்தாத்தான் படிப்பு ஏறும்ங்கிறவங்களும் உண்டு. ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. என் லேப்டாப்புலயே இது ஓடுமா? நான் எழுதின புரோகிராமை நானே பொட்டியில அடைப்பேனா, இல்லை நீங்க வச்சிருக்கிறதை ஓட்டிக் காட்டுவீங்களா? உங்க சர்வர் இணைப்பு கோர்ஸ் முடிஞ்சதும் நின்னுட்டா, என் கையில என்ன மிஞ்சும்? வேலை உறுதின்னு சொன்னா அதை எழுதிக் கேளுங்க. பேச்சு அங்கயே நின்னுரும்.

செயின் சித்தி கழுத்துலதான் இருக்கு. தங்கச்சிக்கு இன்னும் வேலை கிடைக்கலை, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். 4 வாரத்துல வேலை வாங்கித் தர்ற கருவின்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. ஆனா தான் எழுதி, தானே அடைச்சு, எந்த மெஷின்லயும் பிரிச்சு ஓட்டுற ஒரு சாமான் அவ கையில இருக்கு. செலவு, நெட் காசு மட்டும்.

அடுத்து 4 ஜிபி மெஷின்லயே கே3எஸ் போட்டு குபெர்நெட்டிஸைத் தொட்டுப் பாக்கலாமா, இல்லை இன்னும் ரெண்டு மாசம் கம்போஸ்லயே நிக்கட்டுமாங்கிறதுல எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. நிக்கட்டும்ங்கிறது என் கட்சி. பொட்டி தட்டுற மக்கள்ஸ், நீங்க எந்தக் கட்சி?

டிஸ்கி: பயராபீஸ் உவமை ஊர்ப் பாசத்துல வந்தது. கன்டெய்னர் விழுந்தா திரும்ப எழுப்பிரலாம்.